டிபிஇ சான்றிதழ்: ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்

அமெரிக்காவில் கட்டுமானம், பொறியியல், லாரித் தொழில் என்று சிறு நிறுவனம் வைத்திருக்கும் தமிழர்களிடையே இரண்டு பேச்சுகள் நீண்ட காலமாகச் சுற்றுகின்றன. பின்தள்ளப்பட்டவர்கள் நடத்தும் சிறு நிறுவனம் என்று அரசு அமைப்புகள் தரும் டிபிஇ (Disadvantaged Business Enterprise) சான்றிதழ் கையில் இருந்தால் அரசாங்க வேலை வீடு தேடி வரும் என்பது ஒன்று. அது வெறும் காகிதம், வாங்குவது வீண் வேலை என்பது மற்றொன்று. இரண்டையும் அடித்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் விண்ணப்பமே போடாதவர்கள்.

நான் 2019-இல் போட்டு வாங்கியவள். ஹியூஸ்டன் பக்கத்தில் கட்டுமானப் பொருள்களைச் சோதிக்கும் சிறிய ஆய்வகம் நடத்துகிறேன். கான்கிரீட், மண், தார். பாலத்துக்குக் கான்கிரீட் ஊற்றும் அன்று எங்கள் ஆள் போய் மாதிரி எடுத்து வருவார். 28-ஆம் நாள் அந்த உருளையை எந்திரத்தில் வைத்து நொறுக்கி, சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு அழுத்தம் (பிஎஸ்ஐ) தாங்கியது என்று எழுதிக் கொடுப்போம். டெக்சஸில் டிபிஇ சான்றிதழ் வழங்கும் அதிகாரம் மாநிலப் போக்குவரத்துத் துறை, ஹியூஸ்டன், ஆஸ்டின் மாநகராட்சிகள் உட்படச் சில அமைப்புகளுக்கு இருக்கிறது. ஒன்றில் வாங்கினால் மாநிலம் முழுவதும் செல்லும். நான் போனது எது என்று சொல்லப் போவதில்லை. அங்கிருந்தவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது, குறைகள் மட்டும் உண்டு.

முதலில் இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். மத்தியப் போக்குவரத்துத் துறையின் பணம் நெடுஞ்சாலை, பஸ், ரயில், விமான நிலையம் என்று மாநிலங்கள் வழியாகவும் உள்ளூர் அமைப்புகள் வழியாகவும் செலவாகிறது. அதில் ஒரு பங்கு, சமூகத்திலும் பொருளாதாரத்திலும் பின்தள்ளப்பட்டவர்களின் சிறு நிறுவனங்களுக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது ஏற்பாடு. 1983 ஜனவரியில் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் இதற்கு அடிப்படை. 1987-இல் பெண்களும் சேர்க்கப்பட்டார்கள். நாடு தழுவிய இலக்கு 10 சதவீதம். நம் ஊர் இட ஒதுக்கீட்டை மனத்தில் வைத்துக்கொண்டு வருபவர்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். இங்கே யாருக்கும் எதுவும் எடுத்து வைக்கப்படுவதில்லை. ஒரு பாலத்துக்கான டெண்டரில் டிபிஇ பங்கு இத்தனை சதவீதம் என்று போட்டிருப்பார்கள். பெரிய ஒப்பந்ததாரர் அந்த அளவுக்குச் சான்றிதழ் பெற்ற சிறு நிறுவனங்களைத் துணைக்குச் சேர்க்க வேண்டும். அல்லது உண்மையாகவே முயன்றும் முடியவில்லை என்று ஆதாரத்தோடு காட்ட வேண்டும். எந்தச் சிறு நிறுவனம் என்பது அவர் விருப்பம்.

தகுதி விதிகளில் பெரும்பாலானவை புரியக் கூடியவை. நிறுவனத்தில் 51 சதவீதமாவது உங்கள் பெயரில் இருக்க வேண்டும். குடியுரிமையோ பச்சை அட்டையோ வேண்டும். பெயரில் மட்டும் இல்லாமல் நடத்துவதும் நீங்களாக இருக்க வேண்டும். உங்கள் தனிப்பட்ட நிகரச் சொத்து ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது. நான் விண்ணப்பித்தபோது அது 13 லட்சத்து 20 ஆயிரம் டாலர். 2024 மே மாதத்திலிருந்து 20 லட்சத்து 47 ஆயிரம். குடியிருக்கும் வீட்டில் உங்கள் பங்கும், அந்த நிறுவனத்தின் மதிப்பும் கணக்கில் வராது. 2024 விதியில் ஓய்வூதியச் சேமிப்பையும் விட்டுவிட்டார்கள். இந்த ஒரு மாற்றத்துக்காகவே பல நடுவயதுப் பொறியாளர்கள் பெருமூச்சு விட்டிருப்பார்கள். நிறுவனத்தின் சராசரி ஆண்டு வரவுக்குச் சுமார் 3 கோடி டாலர் என்று பொதுவான உச்சவரம்பு உண்டு. ஒவ்வொரு தொழில் பிரிவுக்கும் தனி வரம்பும் உண்டு, என்னைப் போன்ற ஆய்வகங்களுக்கு அது இன்னும் குறைவு. நாங்கள் எந்த வரம்பின் கிட்டேயும் போனதில்லை.

பின்தள்ளப்பட்டவர் யார் என்பதற்கு அப்போது ஒரு பட்டியல் இருந்தது. பெண்கள், கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர், அமெரிக்கப் பூர்வகுடியினர், ஆசிய பசிபிக் வழிவந்தவர்கள், இந்தியத் துணைக்கண்ட வழிவந்தவர்கள். கடைசிப் பிரிவில் இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம், பூட்டான், மாலத்தீவு எல்லாம் பெயர் சொல்லியே எழுதப்பட்டிருந்தன. இவர்களில் ஒருவர் என்றால் மறுப்பதற்குக் காரணம் இல்லாதவரை பின்தள்ளப்பட்டவர் என்றே எடுத்துக்கொள்வார்கள். நான் இரண்டு கட்டங்களில் டிக் போட்டேன். அந்த இரண்டும் இன்று செல்லாது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

விண்ணப்பத்துக்கு எங்களிடம் கட்டணம் வாங்கவில்லை. செலவு எல்லாம் காகிதத்தில்தான். நிறுவனத்தின் வருமானவரிக் கணக்குகள், என் சொந்த வரிக் கணக்குகள், பங்குச் சான்றிதழ், நிறுவனத்தின் சட்டதிட்டங்கள், வங்கியில் யார் கையெழுத்துச் செல்லும் என்ற அட்டை, வாடகை ஒப்பந்தம், எந்திரங்களின் ரசீது, வண்டிகளின் உரிமைப் பத்திரம், யாருக்கு என்ன சம்பளம் என்ற பட்டியல், முக்கியப் பொறுப்பில் இருப்பவர்களின் தன்விவரம். இவை எல்லோரிடமும் இருப்பவைதாம், தேடினால் கிடைக்கும்.

கடினமானது முதலீட்டுக்கான ஆதாரம். நிறுவனம் தொடங்கிய பணம் எங்கிருந்து வந்தது, யாருடையது, எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்குப் போனது என்று நூல் பிடித்துக் காட்ட வேண்டும். அழுத்தச் சோதனை எந்திரம் வாங்கிய பணத்தில் பாதி, பொள்ளாச்சியில் எனக்கு வந்த தோப்புப் பங்கை விற்றது. விற்பனைப் பத்திரம் முழுக்கத் தமிழில். சர்வே எண், நான்கெல்லை, தென்னை மரங்களின் எண்ணிக்கை, சார்பதிவாளர் முத்திரை என்று பத்திர எழுத்தர் ஒன்றையும் விடவில்லை. அதை மொழிபெயர்த்து, வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்ஆர்ஓ வங்கிக் கணக்கில் பணம் விழுந்த பக்கம், அங்கிருந்து இங்கே அனுப்பியபோது ஆடிட்டர் கொடுத்த 15சிஏ, 15சிபி என்ற வருமானவரிப் படிவங்கள், இங்கே வரவு வைத்த பக்கம், எந்திரம் விற்றவருக்குக் கொடுத்த காசோலை என்று வரிசையாக வைத்துக் கொடுத்தேன். கோயம்புத்தூர் ஆடிட்டருக்குத் தொலைபேசியில் சொன்னபோது, “அம்மா, இங்கே வருமானவரிக்காரர்கள்கூட இவ்வளவு கேட்டதில்லை” என்றார். எனக்கு அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் மனைவி பெயரிலும், பேருக்கு ஒரு பங்குதாரர் பெயரிலும் நிறுவனம் தொடங்கிச் சான்றிதழ் வாங்குகிறவர்களைப் பிடிக்க வேறு வழி எனக்கும் தோன்றவில்லை. இந்தப் பகுதிக்கு முழு மதிப்பெண் கொடுக்கிறேன்.

சொத்து மதிப்புப் படிவத்தில் வீட்டுச் சாமான்களோடு நகைக்கும் ஒரு வரி இருக்கிறது. பெட்டகத்தில் இருக்கும் நகையைப் பவுன் கணக்கில் எழுத முடியாது, டாலரில் எழுத வேண்டும். எந்த நாளின் விலை என்று குறிப்பிட்டு எழுதினேன். நம் குடும்பங்களில் இந்த வரியைப் பூஜ்யமாக விடுகிற பழக்கம் இருக்கிறது. விடாதீர்கள். பொய் சொன்னால் சட்டப்படி குற்றம் என்று அறிந்தே இதில் கையெழுத்திடுகிறோம்.

டெக்சஸில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். திருமணத்துக்குப் பின் சேர்ந்த சொத்து இங்கே சட்டப்படி கணவன், மனைவி இருவருக்கும் பொது. என் சம்பளச் சேமிப்பில் வாங்கிய பங்கிலும் கணவருக்குப் பாதி உரிமை உண்டு என்று ஆகிவிடுகிறது. அவர் அதை மீட்க முடியாதபடி விட்டுக்கொடுத்து எழுதித் தர வேண்டும். இதற்கு மட்டும் வழக்கறிஞருக்குப் பணம் கொடுத்தேன். இணையத்தில் கிடைக்கும் மாதிரியை நிரப்பிக் கொடுத்துத் திருப்பி அனுப்பப்பட்டவர்களை எனக்குத் தெரியும். என் கணவர் மென்பொருள் வேலையில் இருப்பவர், கான்கிரீட்டுக்கும் அவருக்கும் எந்த உறவும் இல்லை. கையெழுத்திட்டுவிட்டு, “அன்றைக்கு அக்னியைச் சுற்றினோம், இன்றைக்கு நோட்டரியைச் சுற்றுகிறோம்” என்றார்.

நேரடி ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தார். ஐம்பது வயதிருக்கும் அம்மையார், கையில் கேள்வித்தாள், கழுத்தில் கேமரா. நான் எதிர்பார்த்தது சம்பிரதாயமான அரைமணி நேரம். நடந்தது நல்ல வாய்மொழித் தேர்வு. ஒரு வேலைக்கு எப்படி விலை போடுவீர்கள் என்று கேட்டார். தொழில்நுட்பாளரின் மணிக்கூலி, வண்டிச் செலவு, உருளைக்கு இத்தனை என்று சொன்னேன். மழை பெய்து ஊற்றுவது நின்றுவிட்டால் யார் நஷ்டம் ஏற்பது என்றார். காசோலையில் யார் கையெழுத்திடுகிறார், போன மாதம் வேலையை விட்டுப் போனவரை யார் அனுப்பினார், கடைசியாக வாங்கிய எந்திரத்துக்கு யார் பேரம் பேசினார் என்று வரிசையாகக் கேட்டார். நடுவே ஸ்லம்ப் சோதனையைச் செய்து காட்டச் சொன்னார். பன்னிரண்டு அங்குலக் கூம்பு, மூன்று அடுக்கு, அடுக்குக்கு 25 குத்து. கூம்பைத் தூக்கியதும் கான்கிரீட் எவ்வளவு அமிழ்கிறது என்று அளப்பது. கலவை இல்லாததால் ஈரமணலை வைத்துச் செய்து காட்டினேன். சிரித்துக்கொண்டே படம் எடுத்துக்கொண்டார்.

அவரை நிறுத்தியது பின்னறைப் பெட்டி. மண்ணின் அடர்த்தியை அளக்கும் அணுக்கதிர்க் கருவி அதில் இருக்கிறது. உள்ளே சீசியம்-137. இரண்டு தனித்தனிப் பூட்டு இல்லாமல் அதை வைத்திருக்க முடியாது. சாவி யாரிடம் என்றார். என்னிடம். உரிமத்தில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி யார் என்றார். சுவரில் மாட்டியிருந்த மாநிலச் சுகாதாரத் துறை உரிமத்தைக் காட்டினேன், என் பெயர். அதன் பிறகு கணவரைப் பற்றிய கேள்விகள் நின்றுவிட்டன. நிறுவனத்தை நடத்துவது யார் என்பதற்கு, கொடுத்த அத்தனை கோப்புகளையும் விட அந்த இரண்டு சாவிகளே பெரிய சாட்சியாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். வந்தவர் தொழில் தெரிந்தவர். அவருக்கு ஐந்து நட்சத்திரமும் கொடுப்பேன். 2024 விதிக்குப் பிறகு இந்த ஆய்வைக் காணொளி வழியாகவும் செய்யலாம். வசதிதான். ஆனால் திரையில் சாவிக்கொத்தின் கனம் தெரியுமா?

இனி குறைகள். ஆவணங்கள் முழுமையாகச் சேர்ந்த நாளிலிருந்து 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது விதி. ‘முழுமையாக’ என்பதற்குள் ஒரு வருடமே ஒளிந்துகொள்ளலாம். ஒரு கேள்வி வரும், பதில் அனுப்புவோம், சில வாரம் அமைதி, பிறகு வேறொரு கேள்வி. இரண்டையும் ஒரே கடிதத்தில் கேட்டிருக்கலாமே என்றால், முதல் கேள்வி கேட்டவர் வேலை மாறிப் போய்விட்டார் என்று தெரியவந்தது. புதிதாக வந்தவர் ஏற்கெனவே கொடுத்த வரிக் கணக்கை மறுபடி கேட்டார். இணையதளத்தில் கோப்பு ஏற்றுமிடம் பெரிய கோப்பை வாங்காது. வாங்காததைச் சொல்லவும் சொல்லாது. வெறும் வெள்ளைத் திரை. பதிவேற்றிய பட்டியலைப் படம் எடுத்து வைத்துக்கொண்டதால் தப்பித்தேன். நீங்களும் எடுத்து வையுங்கள்.

அடுத்தது தொழில் குறியீடு. சான்றிதழ் பொதுவாக நிறுவனத்துக்குக் கிடைப்பதில்லை, குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டும் கிடைக்கிறது. நான் கேட்டது இரண்டு: சோதனை ஆய்வகம், அதன் எண் 541380, பொறியியல் சேவை, அதன் எண் 541330. முதலாவது கிடைத்தது. இரண்டாவதற்கு, அந்த வேலையை நீங்கள் செய்து காட்டிய ஒப்பந்தம் எங்கே என்றார்கள். சான்றிதழ் இருந்தால் ஒப்பந்தம் கிடைக்கும், ஒப்பந்தம் இருந்தால்தான் சான்றிதழ் என்று மல்லுக்கு நின்றேன், பயன் இல்லை. தனியார் கட்டடம் ஒன்றின் அடித்தளத்துக்கு அறிக்கை எழுதிக் கொடுத்து, அதைக் காட்டித்தான் பின்னால் சேர்க்க முடிந்தது. உரிமம் பெற்ற பொறியாளரிடம் இப்படிக் கேட்பது அதிகப்படி என்றே இன்றும் நினைக்கிறேன்.

சான்றிதழ் வந்த பிறகு என்ன நடக்கும்? பெயர் மாநிலப் பட்டியலில் ஏறும். மின்னஞ்சல் பெட்டி நிரம்பும். கம்பி கட்டும் வேலைக்கும், புல் வெட்டும் வேலைக்கும், பெயின்ட் அடிக்கும் வேலைக்கும் விலை கேட்டுக் கடிதம் வரும். சான்றிதழ் பெற்றவர்கள் எல்லோருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினால் ‘முயன்றோம்’ என்று காட்டலாம் என்பது சில ஒப்பந்ததாரர்களின் கணக்கு. டெண்டர் போடும் நாளுக்கு முந்தைய மாலை ஐந்து மணிக்கு, “நாளை காலை பத்து மணிக்குள் விலை வேண்டும்” என்று அழைப்பவர்களும் உண்டு. அந்த அழைப்புகளில் இருந்து எனக்கு ஒரு வேலையும் வந்ததில்லை. வந்த வேலை எல்லாம் முன்பே எங்கள் அறிக்கையைப் பார்த்துப் பழகியவர்களிடமிருந்துதான். அவர்களுக்கு ஏற்கெனவே எங்களைப் பிடிக்கும். சான்றிதழ் வந்ததும் எங்களைச் சேர்த்தால் அவர்களுக்குக் கணக்கும் சரியாகும் என்றாயிற்று.

பலருக்குத் தெரியாத பயன் ஒன்று இருக்கிறது, எனக்கு அதுவே பெரியது. டெண்டரில் இலக்கைக் காட்டுவதற்காக உங்கள் பெயரைப் போட்டுவிட்டால், அதற்குப் பின் ஒப்பந்ததாரர் உங்களை நினைத்தபடி கழற்றிவிட முடியாது. காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும், பதில் சொல்ல உங்களுக்கு ஐந்து நாள் தர வேண்டும், பணம் கொடுக்கும் அரசு அமைப்பும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். ஒரு மேம்பால வேலையில் எங்கள் பெயரைப் போட்டு டெண்டரை வென்ற நிறுவனம், பிறகு விலை குறைந்த இன்னொரு ஆய்வகத்தை உள்ளே கொண்டுவரப் பார்த்தது. மலிவு என்பது நியாயமான காரணமாகாது என்று ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். சம்மதம் மறுக்கப்பட்டது, வேலை எங்களிடமே இருந்தது. பண விஷயத்திலும் ஒரு விதி உதவும்: அரசிடம் பணம் வாங்கிய பெரிய ஒப்பந்ததாரர், முடித்த வேலைக்கு 30 நாளுக்குள் துணை ஒப்பந்ததாரருக்குக் கொடுத்தாக வேண்டும். சான்றிதழ் இல்லாத துணை ஒப்பந்ததாரருக்கும் இது பொருந்தும், ஆனால் தட்டிக் கேட்க ஓர் அதிகாரியின் தொலைபேசி எண் கையில் இருப்பது சான்றிதழ்காரருக்குத்தான்.

இன்னொரு வகை அழைப்பும் வரும். “மேடம், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். ரசீது உங்கள் பெயரில் போகட்டும், இத்தனை சதவீதம் உங்களுக்கு.” பணிவான குரல், நல்ல சதவீதம். தொலைபேசியை வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். பென்சில்வேனியாவில் இதை 15 ஆண்டுக்கும் மேலாகச் செய்தார்கள். ஷூல்கில் புராடக்ட்ஸ் என்ற பெரிய நிறுவனம் பாலங்களுக்கான கான்கிரீட் உத்தரங்களைச் செய்தது. காகிதத்தில் வேலை கனெக்டிகட்டில் இருந்த மரிகினா என்ற சான்றிதழ் பெற்ற நிறுவனத்துடையது. 13 கோடியே 60 லட்சம் டாலருக்கு இப்படி நடந்தது. வண்டிகளில் சொந்தப் பெயரை மறைக்க மரிகினாவின் பெயர் எழுதிய காந்தத் தகடுகளை ஒட்டிக்கொண்டு ஓட்டினார்கள். மரிகினாவுக்குக் கிடைத்தது சிறு கூலி. அதன் முதலாளிக்கும் சிறைதான் கிடைத்தது. வேலையை உண்மையிலேயே நீங்கள்தான் செய்கிறீர்களா என்று தளத்துக்கே வந்து பார்க்க ஆள் இருப்பது இப்படிப்பட்ட மோசடிகளைத் தடுக்கத்தான்.

ஆலோசகர்களைப் பற்றியும் கேட்பீர்கள். விண்ணப்பத்தை நிரப்பித் தர ஆயிரக்கணக்கில் டாலர் கேட்பவர்கள் இருக்கிறார்கள். என்னிடம் ஒருவர், “நிச்சயம் கிடைக்கும்” என்று உத்தரவாதமே கொடுத்தார். நேரடி ஆய்வில் கேள்விக்குப் பதில் சொல்லப் போவது அவரா, நீங்களா? பாதுகாப்புத் துறையின் உதவிப் பணத்தில் நாடு முழுவதும் நடக்கும் அபெக்ஸ் ஆக்சிலரேட்டர் மையங்கள் இதே உதவியை இலவசமாகச் செய்கின்றன. என் கோப்பை அங்கே ஒருவர் பக்கம் பக்கமாகப் படித்து, குத்தகை ஒப்பந்தத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருப்பதைக் கண்டுபிடித்தார். இந்த மதிப்புரையில் தயக்கமில்லாமல் நான் பரிந்துரைக்கும் ஒரே இடம் அது.

இனி 2025. இந்த ஏற்பாடு நீதிமன்றத்தில் அடிபடுவது புதிதில்லை. கொலராடோவில் சாலையோரத் தடுப்பு அமைக்கும் அடாராண்ட் என்ற நிறுவனம் குறைந்த விலை கொடுத்தும் வேலை கிடைக்கவில்லை என்று தொடுத்த வழக்கில், இன அடிப்படையிலான எந்த அரசு ஏற்பாடும் மிகக் கடுமையான சோதனையைத் தாண்ட வேண்டும் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகு 1999-இல் விதிகளைத் திருத்தி எழுதினார்கள், வண்டி ஓடியது. 2024 செப்டம்பரில் கென்டக்கியில் உள்ள மத்திய நீதிமன்றம், மிட்-அமெரிக்கா மில்லிங் என்ற நிறுவனத்தின் வழக்கில், பட்டியலில் இருப்பவர்களைப் பின்தள்ளப்பட்டவர் என்றே எடுத்துக்கொள்ளும் இன, பாலின அனுமானத்துக்கு எதிராகத் தடை விதித்தது. தடை அந்த வழக்குத் தொடுத்தவர்களுக்கு மட்டும்தான். 2025 அக்டோபர் 3-ஆம் தேதி போக்குவரத்துத் துறையே இடைக்கால விதி ஒன்றை வெளியிட்டு, அனுமானத்தை நாடு முழுவதும் நீக்கிவிட்டது. அன்றே நடைமுறைக்கும் வந்தது.

இதன் பொருள், ஏற்கெனவே சான்றிதழ் வைத்திருப்பவர்கள் எல்லோரும் மறுபடி தேர்வு எழுத வேண்டும். தனிநபர் விவரணை என்று ஒன்று கேட்கிறார்கள். கல்வி, வேலை, தொழில் ஆகியவற்றில் எந்தத் தடை உங்களைப் பின்தள்ளியது, கடன் மறுக்கப்பட்டதா, எவ்வளவு இழப்பு என்று குறிப்பான சம்பவங்களோடு எழுத வேண்டும். இனத்தையோ பாலினத்தையோ காரணமாகக் காட்டக் கூடாது. கூடவே புதிய சொத்துக் கணக்கு. மாநிலம் இந்த மறு ஆய்வை முடிக்கும் வரை டெண்டரில் டிபிஇ இலக்கு வைக்க முடியாது, எங்களைக் கணக்கில் எண்ணவும் முடியாது. பட்டியலில் பெயர் இருக்கும், பட்டியலுக்கு வேலை இருக்காது.

இதில் எனக்கு இரண்டு மனம். ஒரு பொறியாளரின் மகளாக வளர்ந்தவளையும், பஞ்சு மில்லில் கூலி வேலை செய்தவரின் மகளையும் ஒரே டிக் குறியில் சமமாக்கியது பழைய முறை. ஒவ்வொருவரின் கதையையும் தனியாகக் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் புதிய முறை எழுதத் தெரிந்தவருக்கே சாதகம். நான் எழுதினேன்: கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லாமல் வீட்டில் இருந்த ஆண்டுகள், கோயம்புத்தூர்ப் பட்டத்தைப் பொறியாளர் உரிமத் தேர்வு வாரியம் ஏற்பதற்கு முன் நடந்த மதிப்பீடு, எந்திரக் கடனை வங்கி மறுத்த கடிதம், வேறு வங்கியில் எந்த வட்டிக்கு வாங்கினேன் என்ற கணக்கு. மறுப்புக் கடிதத்தை அப்போது தூக்கி எறியாமல் வைத்திருந்தது இப்போது உதவியது.

லாரி வைத்து மண் ஏற்றும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் எங்களுக்குப் பழக்கம். பதினைந்து வயதில் படிப்பு நின்று, முகாம் முகாமாகப் போய், இங்கே வந்து சேர்ந்தவர். என்னைவிடப் பத்து மடங்கு பட்டவர். விவரணையைப் பற்றிச் சொன்னபோது, “தங்கச்சி, நான் பட்டதை எழுதினால் அவர்கள் நம்ப மாட்டார்கள், எழுதாவிட்டால் சான்றிதழ் இல்லை” என்றார். இழப்பு எவ்வளவு என்று டாலரில் கேட்கும் கட்டத்தில் அவர் எந்த எண்ணைப் போடுவார்? அவருடைய மகள் உட்கார்ந்து எழுதித் தருகிறாள். அவள் அமெரிக்காவில் பிறந்தவள். அப்பாவின் கதையைப் பாதிக்கு மேல் இப்போதுதான் முதல்முறை கேட்கிறாள்.

என் கோப்பை அனுப்பிவிட்டேன், பதில் இன்னும் வரவில்லை. ஆய்வகம் தனியார் கிடங்குகளின் தரைக் கான்கிரீட்டை நொறுக்கிக்கொண்டு ஓடுகிறது. மூன்று நட்சத்திரம் எப்படி என்றால், ஆய்வு செய்பவர்களின் நேர்மைக்கும் அக்கறைக்கும் நான்கு, வேகத்துக்கு இரண்டு, சான்றிதழ் கொண்டுவந்த பயனுக்கு மூன்று. 2024 விதி கொடுத்த ஒரு வசதியைச் சொல்லாமல் விட்டால் அநியாயம்: சொந்த மாநிலத்தில் சான்றிதழ் இருந்தால் பக்கத்து மாநிலம் பத்து வேலை நாளில் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதே ஆண்டில் லூசியானாவுக்கு ஒரு கடிதம், பட்டியலில் என் பெயர் இருக்கும் பக்கத்தின் படம், கையெழுத்திட்ட உறுதிமொழி ஆகியவற்றை அனுப்பினேன், முடிந்தது. முன்பெல்லாம் எல்லை தாண்டினால் மலைபோல் கோப்பைத் திரும்பவும் அனுப்ப வேண்டியிருந்தது.

புதிதாக விண்ணப்பிக்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் பெயரைச் சொன்னதும் அடையாளம் காணும் விலை மதிப்பீட்டாளர் எந்தப் பெரிய ஒப்பந்த நிறுவனத்திலாவது ஒருவர் இருக்கிறாரா? இருந்தால் விவரணையை எழுதத் தொடங்குங்கள், அபெக்ஸில் ஒரு நேரம் வாங்குங்கள். இல்லையென்றால் டெண்டருக்கு முந்தைய கூட்டங்களுக்குப் போய் முன்வரிசையில் உட்காருங்கள். அங்கே நுழையச் சான்றிதழ் கேட்பதில்லை.